பாதை முழுக்க உங்களுக்கே

தேசியப் பூங்காவில் மலையேற எந்தப் பருவம் நல்லது என்று கேட்டு வந்து நின்றார், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்.

“பனிக்காலத்துல வாங்கய்யா, ஈ காக்கா இருக்காது” என்றாள் டிக்கெட் கொடுக்கும் பெண்.

“வேண்டாம்மா.”

“மழை விட்டதும்? அருவி கொட்டும். பாதை முழுக்க உங்களுக்கே!”

“ஐயையோ!”

“கோடை லீவுல மட்டும் வந்துடாதீங்க. ஒருத்தர் காலை ஒருத்தர் மிதிப்பாங்க. நாலடிக்கு ஒருத்தர் போனை நீட்டி, போட்டோ எடுத்துக் குடுங்கன்னு உயிரை வாங்குவாங்க.”

அவர் முகம் மலர்ந்தது. “அப்பவே போடும்மா.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அமைதி தேடித்தானே எல்லோரும் இங்கே வருவார்கள்?

“நல்ல ஆளுங்க நீங்க! வீட்ல எத்தனை பேரு?”

“நான் ஒருத்தன்தான். போட்டோ எடுத்துக் குடுத்தா, ‘நீங்களும் வந்து நில்லுங்க பெரியவரே’ன்னு ஒருத்தராவது கூப்பிட மாட்டாங்களா?”