முன்சீட்டு

கே.கே. நகர் வீட்டு வாசலில் இரண்டு கார்கள் நிற்கின்றன. ஒன்று, என் கணவர் ஓட்டிய அம்பாசடர். மற்றது, அவருக்கு முதல் வருஷத் திதி கும்பிட்டு முடித்ததும் மகன் அசோக்குமார் வாங்கியது. புதுக்காரின் சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறது. ஏறிக் கதவைச் சாத்துகிறேன். தெருவே திரும்பிப் பார்க்கிறது. "எம்மா, மெதுவா! இதென்ன அம்பாசடரா?" என்கிறான். உள்ளே சத்தமே இல்லை, குளிர்ந்த காற்று மட்டும். பழக்கத்தில் வலப்பக்கம் நகர்கிறேன். நடுவிலிருக்கும் கியர்ப் பெட்டி இடுப்பில் இடிக்கிறது. அம்பாசடரில் முன்னால் ஒரே நீளச் சீட்டுதான். இறங்குகிறேன். பழையதை வாங்க வந்திருக்கும் செல்லூர் மெக்கானிக் காளை, அதன் முன்சீட்டிலிருந்து துள்ளி எழுகிறார். "கதவோரம் ஸ்பிரிங்கு குத்துதுக்கா. எஞ்சினை இம்புட்டு சுத்தமா வச்சிருந்த சாரு, இத ஏன் மாத்தாம விட்டாரு?" சின்னச் சத்தம் கேட்டாலே வண்டியை ஒர்க்ஷாப்புக்கு விடுகிறவர் என் கணவர். ஸ்பிரிங்கைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும், "குத்துனா இப்படித் தள்ளி வாயேன்" என்பார். நானும் அவர் தோளை ஒட்டி உட்கார்ந்துகொள்வேன். காளை சாவிக்குக் கை நீட்டுகிறார். "அத மட்டும் மாத்தாம ஓட்டுங்கண்ணே" என்று கொடுக்கிறேன்.