டிசம்பர் பூவின் பிள்ளை

அந்த அழுகுரல் டிசம்பர் செடிக்கு இன்றும் காதில் கேட்கிறது. பிரசவ ஆஸ்பத்திரியின் ஜன்னலுக்குக் கீழே அவளும் செவ்வந்தியும் பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்தார்கள். நவம்பரில் பிறக்கும் பிள்ளைகள் செவ்வந்திக்கு, டிசம்பரில் பிறப்பவர்கள் இவளுக்கு என்று இருவரும் பங்கு பிரித்திருந்தார்கள்.

"என் பிள்ளைகள் எதற்கும் அஞ்சாதவர்கள்" என்பாள் செவ்வந்தி.

"என் பிள்ளைகள் என்னைப் போலவே சாது. அதிர்ந்து பேசமாட்டார்கள்" என்பாள் டிசம்பர்.

டிசம்பர் முதல் தேதி விடியற்காலையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அது போட்ட கூச்சலில் ஜன்னல் மேலிருந்த புறாக்கள் எல்லாம் பறந்தோடின.

"அடியே, இதுவா உன் சாது?" செவ்வந்தி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "இது என் பிள்ளைடி. வர்ற வழியில கொஞ்சம் தாமதமாயிடுச்சு. பேசாம எனக்கே கொடுத்துடு."

டிசம்பருக்கு வெட்கமாக இருந்தது. கொடுத்துவிட்டால் சொன்ன சொல்லாவது நிற்கும். சரி என்று சொல்ல வாயெடுத்தாள். அப்போது இளவெயில் காட்டுவதற்காக நர்ஸ் குழந்தையை ஜன்னலுக்குக் கொண்டுவந்தாள். சிவந்த முகம், இறுக்கி மூடிய கை, பல்லில்லாத பெரிய வாய். அந்த வாய் ஊதாப் பூக்களுக்கு நேராக மறுபடியும் வீறிட்டது.

டிசம்பருக்கு இலையெல்லாம் சிலிர்த்தது.

"தரமாட்டேன்!" என்று கத்தினாள். அவ்வளவு பெரிய குரல் தன்னிடம் இருப்பது அவளுக்கே அதுவரை தெரியாது. "நல்லாக் கத்துடி, என் கண்ணே!"

அந்தப் பெண் இப்போது மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் கூறுகிறாள். மைக் வைத்துக்கொள்வதில்லை.