நாலு

குரல் அரட்டையில் நான், ஷமீம், எட்வின் மூன்று பேர். யார் பேசினாலும் அதே சொல் மங்கலான எக்கோவாகத் திரும்பியது. ஒவ்வொருவராக மைக்கை அணைத்துப் பார்த்தோம். எட்வின் அணைத்தபோது நின்றது.

"ஸ்பீக்கர்ல போட்டு உசிர வாங்குறான். ஹெட்போன் மாட்டுடா," என்றான் ஷமீம்.

எட்வின் மறுபடி மைக்கைப் போட்டதும் நான் சோதனைக்கு எண்ணினேன். "ஒண்ணு, ரெண்டு, மூணு."

மூன்றும் திரும்பி வந்தன. கொஞ்சம் பொறுத்து, "நாலு."

நாங்கள் யாரும் நாலு சொல்லவில்லை.

"என் தங்கச்சிடா," எட்வின் கிசுகிசுத்தான். "அம்மா போனதுலேருந்து பேசாதவ. நான் திரும்பிப் பாத்தேன், நிறுத்திட்டா. போனை அவகிட்டயே வச்சிட்டு வெளிய போறேன். நீ எண்ணு, விட்டுடாத."

"அஞ்சு," என்றேன். அவன் காலடிச் சத்தம் விலகியது. அவனுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது. உள்பக்கம் தாழ்ப்பாள் விழுந்தது.