வழி விடுங்கள், யோரின்

டென்மார்க் பாட்மிண்டன் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்று யோரின் தன் ஊரான டெவென்டருக்குத் திரும்பியிருந்தாள். செவ்வாய்க்கிழமை காலை தபாலில் அந்த அட்டை வந்தது.

அனுப்பியவர் பெயர் இல்லை. தட்டச்சில் இரண்டே வரி.

‘இருபத்தொன்பது நிமிடத்தில் தோற்றுவிட்டீர்கள். போதும் யோரின், இளையவர்களுக்கு வழி விடுங்கள்.’

யோரினுக்கு அப்போது வயது இருபத்தேழு.

“மரியாதையாத்தான் திட்டியிருக்கான்,” என்றான் கணவன் டௌவே, ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே. “‘நீங்க’ போட்டிருக்கான் பாரு.”

“யாரா இருக்கும்?”

“பேர் போடத் தைரியமில்லாத எவனோ. விடு.”

அவள் விடவில்லை. மேசைமேல் இன்னொரு உறை இருந்தது. தேசிய அணியிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று பாட்மிண்டன் சங்கத்துக்கு அவளே எழுதியது. பகலெல்லாம் பல் மருத்துவரிடம் வரவேற்பு வேலை, சாயங்காலம் ஆட்டம் என்று ஓடி ஓடி அலுத்துப் போயிருந்தாள். தபால் தலைகூட ஒட்டியாயிற்று. அன்று வேலைக்குப் போகிற வழியில் போட்டுவிடுவதாக இருந்தாள்.

அட்டையை இன்னொரு தடவை படித்தாள். பிறகு அந்த உறையை எடுத்து நாலாகக் கிழித்தாள்.

“நானா போனா அது வேற. போன்னு சொல்ல இவன் யாரு?”

அந்த வருடம் தேசியப் பட்டம் அவளுக்கு. இறுதி ஆட்டத்தில் தோற்றவள் மிர்த்தே. அதே கிளப், நாலு வயது சின்னவள், கிளப் தலைவர் ஹார்மனின் ஒரே மகள்.

ஹார்மன் பெருந்தன்மையானவர் என்று ஊரே சொல்லும். மகள் தோற்ற பத்தாவது நிமிடம் யோரினுக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தார்.

“நீங்க இன்னும் பத்து வருஷம் ஆடணும்,” என்றார்.

மூன்றாம் வருடம் முழங்காலில் அறுவை சிகிச்சை. படிக்கட்டு ஏறவே கஷ்டமாக இருந்தது. இத்தோடு சரி என்று நினைத்துக்கொண்டிருந்தபோது அட்டை வந்தது.

‘உங்கள் முழங்கால் கெஞ்சுவது எங்களுக்கே கேட்கிறது. உங்களுக்குக் கேட்கவில்லையா?’

மறுநாள் விடியற்காலையில் ஆற்றங்கரை மேட்டில் நொண்டி நொண்டி ஓடத் தொடங்கினாள்.

டௌவேக்குத்தான் முதலில் சந்தேகம் வந்தது.

“உனக்குக் கோபம் வந்தாத்தான் கால் நகரும்னு அடிக்கடி சொல்றது யாரு?”

“ஓட்டோ.” ஓட்டோ அவளுடைய பயிற்சியாளர்.

“நீ சோர்ந்து போற நேரமாப் பார்த்து அட்டை வருதே. எவனோ வெளியாளுக்கு அது எப்படித் தெரியும்?”

யோரின் யோசித்துப் பார்த்தாள். சிரிப்பு வந்தது. கிழவர் கெட்டிக்காரர்தான். ஆனால் அவரிடம் அவள் கேட்கவே இல்லை. கேட்டால் அட்டை நின்றுவிடுமோ என்று பயம்.

எட்டு வருடம், எட்டுப் பட்டம். அதில் ஆறு தடவை எதிரே நின்று தோற்றது மிர்த்தே. ஆறு தடவையும் ஹார்மன் காபியோடு வந்தார்.

அதற்கு மேல் மிர்த்தேக்குத் தெம்பில்லை. மட்டையை வைத்துவிட்டுப் பள்ளிக்கூட வேலைக்குப் போய்விட்டாள்.

அந்த வருடம் யோரின் மூன்று போட்டிகளில் வரிசையாகத் தோற்றாள். ஒவ்வொரு தடவையும் தபால் பெட்டியைத் திறந்து பார்த்தாள். ஒன்றுமே வரவில்லை. போ என்று சொல்ல ஆளில்லாமல் போனதும் நிற்கிற பிடிவாதமும் போய்விட்டது. ஓய்வு பெறுவதாக அறிவித்தாள்.

கிளப்பில் பிரிவுபசாரம். ஹார்மன்தான் தலைமை. யோரினைப் போல் ஒருத்தி இந்த மண்ணில் இனிமேல் பிறந்தால்தான் உண்டு என்று பேசி, கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

யோரின் எழுந்தாள். பதினொரு அட்டைகளையும் கையில் வைத்துக்கொண்டு, கிழித்துப் போட்ட விலகல் கடிதத்தின் கதையைச் சொன்னாள்.

“இந்த அட்டைகள் இல்லேன்னா எனக்கு ஒரு பட்டம்கூட இல்ல. எழுதினவர் யாருன்னு எனக்குத் தெரியும். நன்றி, ஓட்டோ.”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ஓட்டோ திருதிருவென்று விழித்தார்.

“நான் எழுதலையே. எங்க வீட்டுல பிறந்தநாள் வாழ்த்துகூட என் பெண்டாட்டிதான் எழுதுவா.”

எல்லோரும் சிரித்தார்கள். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கூட்டம் ஆப்பிள் கேக் பக்கம் நகர்ந்தது. மிர்த்தே கேக்கைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். ஹார்மன் வழக்கம்போல யோரினுக்குக் காபி கொண்டுவந்தார்.

“அந்த முதல் அட்டை வந்தன்னிக்கு... நிஜமாவே விலகுறதா எழுதி வெச்சிருந்தீங்களா?”

“தபால் தலையோட. அட்டை ஒரு நாள் தள்ளி வந்திருந்தா என் கடிதம் போயிருக்கும். நானும் போயிருப்பேன்.” யோரின் கேக் மேசைப் பக்கம் பார்த்தாள். “அத்தனை பட்டமும் மிர்த்தேக்குத்தான் வந்திருக்கும்.”

ஹார்மன் மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். யோரினுக்காகக் கொண்டுவந்த காபியைத் தானே ஒரு வாய் குடித்தார்.

“கொட்டுற மழையில நனைஞ்சுக்கிட்டுப் போய், திங்கட்கிழமையே போட்டேனே,” என்றார்.