பிளாஸ்க் மூடியில் பனியாறு

அயல்நாட்டுச் சுற்றுலாவின் கடைசி நாள். பேருந்துக்குள், காய்ச்சலில் துவளும் மாணவியைத் தோளில் சாய்த்தபடி பூகோள டீச்சர் அமர்ந்திருக்கிறார். வருடந்தோறும் கரும்பலகையில் வரைந்த பனியாறு, ஆவி படிந்த சன்னலுக்கு வெளியே வெறும் வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. "நீங்களாவது போய்ப் பாருங்க மிஸ்." "அது எங்க ஓடிடப் போகுது? நீ தூங்கும்மா." "ஓடும்னு நீங்கதானே மிஸ் பாடம் எடுத்தீங்க!" டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. அதற்குள் பார்க்கப் போன பிள்ளைகள் திரும்புகிறார்கள். வகுப்பின் வாயாடி மூச்சிரைக்க முன்னால் ஓடிவந்து பிளாஸ்க் மூடியை நீட்டுகிறாள். "சீக்கிரம் தொடுங்க மிஸ், கரையுது!" மூடியில் ஒரு பனிக்கட்டி. அதன் நடுவே, என்றோ வெடித்த எரிமலையின் சாம்பல் கருங்கோடாக ஓடுகிறது. டீச்சர் அதை உள்ளங்கையில் பொத்திக் கண்களை மூடுகிறார். பிறகு, சில்லிட்ட அந்தக் கையைக் காய்ச்சல்காரியின் நெற்றியில் வைக்கிறார்.