நடுக்கடலில் சனிக்கிழமை

நாலு இன்ஜினும் ஓடிக்கொண்டிருக்கும்போது என் மனைவி கனகலட்சுமி வந்து ஓடுபாதையில் நின்றுகொண்டாள்.

அதாவது, எனக்கும் கடைக் கம்ப்யூட்டருக்கும் நடுவில்.

பக்கத்து நாற்காலியில் துணை விமானி ராமசுப்பு. பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி ரிட்டயர் ஆனவர். மடியில் அட்லஸ்.

தொண்ணூற்றெட்டில் அருப்புக்கோட்டையிலிருந்து உலகத்தைச் சுற்றக் கிளம்பியவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். வேறு யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விமானமும் லேசுப்பட்டதல்ல. அந்தக் காலத்து டக்ளஸ்; இறக்கைக்கு இரண்டாக நாலு காற்றாடி. திரைக்குள்தான் பறக்கும். ஆனாலும் நிஜத்தில் ஆகிற அத்தனை மணி நேரமும் ஆகும்.

எங்கள் நூல் கடை வீட்டின் முன்பக்கத்தில்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும். வாரம் ஒரு ஊர். பம்பாய், கராச்சி, பாக்தாத், கெய்ரோ என்று மேற்கே வழி போட்டு, பெட்ரோல் கணக்கெல்லாம் பார்த்து முடித்த அன்று கனகலட்சுமி சொன்னாள், ஞாயிற்றுக்கிழமை மேற்கே சூலம் என்று.

பொம்மை பிளேனுக்கு என்னடி சூலம் என்றேன்.

பொம்மைக்கு எதுக்குப் பெட்ரோல் கணக்கு என்றாள்.

உலகத்தைத் திருப்பிப் போட்டோம். ரங்கூன், பாங்காக், மணிலா என்று கிழக்கே.

அடுத்த வாரம், நடுக்கடலில் கரண்டு போனால் என்ன செய்வீர்கள் என்றாள். பேட்டரி வாங்கினேன்.

அதற்கடுத்த வாரம், அத்தனை சீட்டும் காலியாகவா போகிறது, பந்தல்குடி பஸ்கூட அப்படிப் போகாதே என்றாள். சீட்டெல்லாம் சும்மா பார்வைக்குத்தான் என்று விளக்கினேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இன்னொரு வாரம் தள்ளினால் விலகிக்கொள்கிறேன் என்று ராமசுப்பு சொல்லிவிட்டார். அவர் போய்விட்டால் ஏறியதும் சக்கரத்தை மடக்குவது யார்? அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையிலேயே இன்ஜினைக் கிளப்பினேன்.

அந்த மனுஷனாவது சும்மா இருந்திருக்கலாம். முப்பது வருஷம் பாடம் நடத்திய வாய். அட்லஸை விரித்துத் தேதிக்கோட்டைக் காட்டிவிட்டார். வேக் தீவில் ஞாயிறு காலை கிளம்பினால், மிட்வே தீவில் போய் இறங்கும்போது முந்தின நாள் சனிக்கிழமை.

"சனிக்கிழமை கிழக்க சூலமுல்ல?" என்றாள் கனகலட்சுமி.

"கிளம்புறப்ப ஞாயிறுதானே, தங்கச்சி."

"பாதியில சனி ஆயிருதுல்ல? எறங்கி நின்னு மறுநாள் போறதுக்கு அது என்ன பாலவனத்தம் விலக்கு பஸ் ஸ்டாப்பா? கடலுண்ணே!"

ராமசுப்பு அட்லஸை மூடினார்.

நான் இன்ஜினை அணைத்தேன். நாலையும். உலகத்தில் எத்தனையோ விமானம் மழையால் நின்றிருக்கிறது, பனியால் நின்றிருக்கிறது.

"ஒனக்கு என்னதான்டி வேணும்?" என்று கத்தினேன். மதுரை விமான நிலையத்துக்கே கேட்டிருக்கும்.

அடுப்படிக்குப் போய்த் தயிர்க் கிண்ணத்தோடு வந்தாள். கிழக்குச் சூலத்துக்குத் தயிர் பரிகாரம். என் உள்ளங்கையில் ஒரு கரண்டி, ராமசுப்பு கையில் ஒரு கரண்டி.

நாக்கில் பட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. மேற்குச் சூலத்துக்கும் வெல்லம் என்று ஒரு பரிகாரம் உண்டே! அன்றைக்கே ஒரு துண்டு தந்திருந்தால் இந்நேரம் கெய்ரோவில் இருப்போம்.

பல்லைக் கடித்துக்கொண்டு முதல் இன்ஜினைக் கிளப்பினேன்.

பின்னால் தெருக்கதவைத் தாழ்ப்பாள் போடும் சத்தம். திரும்பினேன்.

கல்யாண வீடுகளுக்குக் கட்டுகிற பட்டுச்சேலை. தலையில் பூ. கக்கத்தில், வெளியூருக்கு மட்டும் எடுக்கிற கைப்பை. காலையிலிருந்தே அப்படித்தான் நின்றிருக்கிறாள் போல.

ஸ்டூலை இழுத்து எங்களுக்குப் பின்னால் ஜன்னலோரமாகப் போட்டு உட்கார்ந்தாள். கிண்ணத்தில் மிச்சமிருந்த தயிரைத் தன் கையில் ஊற்றிக்கொண்டாள்.