கப்பலில் ஒரு சமாதானம்

நார்வே கரையோரமாக வடக்கே போய்க்கொண்டிருந்தது கப்பல். தினமும் உட்காரும் அதே ஜன்னலோர மேஜையில் ஹால்வார் காலுறை பின்னிக்கொண்டிருந்தார். எதிரே அந்த அம்மாள் துணியில் பூத்தையல் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் தேடுவதற்கு முன்பே கத்தரிக்கோல் அவர் பக்கம் நகர்ந்து வந்தது. அவள் கண்ணைச் சுருக்கியதும், அவர் ஊசியை வாங்கி நூல் கோத்துக் கொடுத்தார். பேச்சு மட்டும் இல்லை.

அவள் சால்வை எடுத்துவர எழுந்து போனதும், காபி ஊற்ற வந்த பணிப்பெண் சிக்னே பொறுக்கமாட்டாமல் ஆரம்பித்தாள்.

"ஏறின நாள்லேருந்து பாக்கிறேன் ஐயா. அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசல நீங்க."

"பேசாம உக்காந்திருக்கிறது நல்லாத்தானே இருக்கு?"

"உங்களுக்கு நல்லாருக்கும். நேத்து நீங்க வர லேட்டாச்சு. அவங்க ஒரு தையல் போடல, வாசலையே பாத்துட்டு இருந்தாங்க."

ஹால்வாரின் கை நின்றது. "அப்படியா?"

"எங்க பெர்கன் ஊர்ல புருஷன் பொண்டாட்டி இத்தனை நாள் பேசாம இருந்தா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க! நாளைக்கு எல்லாரும் இறங்கணும். சண்டை எதுக்கோ, தப்பு யார் மேலயோ, நீங்களே மன்னிப்புக் கேட்டுடுங்க."

அந்த அம்மாள் சால்வையோடு திரும்பி வந்து ஊசியை எடுத்தாள். ஹால்வார் தொண்டையைச் செருமினார்.

"மன்னிச்சிடுங்க."

"எதுக்கு?"

"தெரியல. நமக்குள்ள சண்டையாம். சிக்னே சொல்றா."

அவள் சிக்னேயைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். சிரிப்பு தாங்கவில்லை.

"சரி, மன்னிச்சாச்சு" என்றாள். "இப்பவாவது உங்க பேரைச் சொல்லுங்க."